மணிலா டிவியில் வந்த செஸ் புதிர்

1978இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் கார்ப்போவும் கோர்ச்னோயும் உலகப் பட்டத்துக்கு மோத, அந்த நாட்டையே செஸ் ஜுரம் பிடித்துக்கொண்டது. தெற்கு ரயில்வே அதிகாரி ஒருவர் வேலை நிமித்தம் குடும்பத்தோடு மணிலாவுக்குக் குடிபோனது அந்தக் காலத்தில்தான். மகன் ஆனந்த், சென்னை சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் ஆடிப் பழகியிருந்த பையன்.

மணிலாவில் மதியம் டிவியில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். அதில் ஒரு புதிரும் போடுவார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா சுசீலா ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் பலகையில் காய்களை அடுக்கி விடை தேடுவார்கள்.

செஸ் புதிர்களில் பெயர்போனது கட்டாய மேட். சும்மா ‘செக்’ வைத்தால் போதாது. ராஜா எந்தக் கட்டத்துக்கு ஓடினாலும், எந்தக் காய் குறுக்கே விழுந்தாலும், அதற்கான பதிலடி கையில் இருக்க வேண்டும். ராணியையே பலி கொடுக்க வேண்டியும் வரலாம்.

சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். பரிசு திரும்பத் திரும்ப ஆனந்துக்கே போனது. கடைசியில் நிகழ்ச்சிக்காரர்கள் அவனை நூலகத்துக்கே அழைத்து, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை: இனி விடை அனுப்பக் கூடாது.

1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.