டோபமினும் சூலகமும்

பாலூட்டிகளின் சூலகத்தை மூளை பல ஹார்மோன்கள் வழியே ஆள்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை முடுக்கிவிடுபவை, டோபமினோ கடிவாளம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியின் அடியிலுள்ள நரம்பணுக்கள் அதை நுண்ணிய இரத்தக் குழாய்களில் விட, அது பிட்யூட்டரியை அடைந்து, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் சுரப்பை அடக்குகிறது. இந்தப் பிடி தளர்ந்தால் புரோலாக்டின் பெருகும். கருமுட்டை வெளியேறும் ஒழுங்கு குலையும்.

1910இல் லண்டனில் ஜார்ஜ் பார்கரும் ஜேம்ஸ் யூவன்ஸும் டோபமினைத் தயாரித்தனர். 1950களின் இறுதியில் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் மூளையில் அதன் பங்கைக் காட்டும் வரை, நார்அட்ரீனலின் உருவாகும் பாதையில் ஒரு படி என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. புரோலாக்டினின் கதை 1928இல் ஸ்ட்ராஸ்பூர்கில் தொடங்குகிறது: ஸ்ட்ரிக்கரும் க்ருட்டரும் பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்தியதும் முயல்களுக்குப் பால் சுரந்தது.

இரண்டு கதைகளும் ஒன்று சேர வழிசெய்தது ஓர் எலிச் சோதனை. 1954இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜான் எவரெட், பெண் எலியின் பிட்யூட்டரியை அதன் இடத்திலிருந்து எடுத்து, அதே எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் ஒட்டவைத்தார். மூளையோடு தொடர்பு அறுந்த சுரப்பி ஓய்ந்துவிடும் என்பதே எவரும் எதிர்பார்க்கக்கூடியது. அதற்கேற்ப, சூலகத்தில் புதிய நுண்பைகள் முதிர்வது நின்றது. ஆனால் கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திரள் மட்டும் வாடவில்லை. நான்கைந்து நாளில் சுழற்சி முடிக்கும் எலியில், அது மாதக்கணக்கில் புரோஜெஸ்டிரோன் சுரந்துகொண்டிருந்தது. எலியில் அந்தத் திரளைத் தாங்குவது புரோலாக்டின். ஆக, மூளையிலிருந்து பிரிந்ததும் மற்ற ஹார்மோன்கள் சரிய, புரோலாக்டின் மட்டும் தங்குதடையின்றிப் பெருகியிருந்தது. மூளை அதை இயல்பாகவே தடுத்துவைத்திருக்கிறது என்று ஊகிக்க, பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை; இடம் மாறிய ஒரு சுரப்பி போதுமாயிருந்தது.

அந்தத் தடை எது? 1959இல் பாரக்ளோவும் சாயரும் ரெசர்பின், குளோர்புரோமசின் ஆகிய மருந்துகளைக் கொடுத்து எலிகளைப் பொய்ச் சினைக்கு, அதாவது சினையில்லாமலே மஞ்சள் திரள் நீடிக்கும் நிலைக்கு, உள்ளாக்கினர். ரெசர்பின், இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் புழங்கிய சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது நரம்பணுக்களின் டோபமின் சேமிப்பை வடித்துவிடும். குளோர்புரோமசின் டோபமின் ஏற்பிகளை அடைக்கும். இவ்விளக்கம் பின்னர் வந்தது. 1964இல் ஷெல் ஃபூக்ஸே, ஒளிர்வு முறையால் ஹைப்போதலாமஸின் டோபமின் நரம்பணுக்களைக் கண்ணுக்குத் தெரியவைத்தார். டோபமின் நேரடியாகப் பிட்யூட்டரியில் செயல்படுகிறது என்பதை அடுத்து வந்த ஆய்வகச் சோதனைகள் உறுதி செய்தன. அதுதான் ஒரே தடையா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. காபா என்ற நரம்புக் கடத்தி முதலியவற்றுக்கும் பங்குண்டு என்பாரும் உளர்.

புரோலாக்டினை அடக்கும் மருந்து வேறு திசையிலிருந்து வந்தது. ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையின் சாறு, எலிகளின் தொடக்கநிலைச் சினையைக் கலைப்பதை இஸ்ரேலின் ஷெலெஸ்னியாக் 1954இல் கவனித்தார். (நம்மூர்க் கம்பில் தேன் ஒழுகல் நோயை உண்டாக்குவதும் இந்தப் பூஞ்சையின் உறவுதான்.) அந்தத் தடம் பற்றி, பாசெலின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஃப்ளூக்கிகர் குழுவினர் புரோமோகிரிப்டினை உருவாக்கினர். அது டோபமினைப் போலவே செயல்பட்டுப் புரோலாக்டினை அடக்கும். மனிதருக்குத் தனிப் புரோலாக்டின் உண்டா என்ற ஐயமே 1970 வாக்கில்தான் கனடாவின் ஹென்றி ஃபிரீசன் முதலியோரால் நீங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், மாதவிடாய் நின்று பால் கசிந்துகொண்டிருந்த பெண்களுக்குப் புரோமோகிரிப்டின் தரப்பட்டது. பலருக்கு மாதவிடாய் திரும்பியது.

கருமுட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் எல்எச் ஹார்மோன் மீது டோபமினின் விளைவு என்ன என்பதில் 1970களில் ஆய்வாளர் இரு தரப்பாகப் பிரிந்தனர்: தூண்டும் என்றது ஒன்று, தடுக்கும் என்றது மற்றொன்று. இனமும் ஹார்மோன் நிலையும் பொறுத்தது என்றே இன்று சொல்லப்படுகிறது. செம்மறியில் படம் தெளிவு. பகல் நீளும் மாதங்களில், ஏ15 எனப்படும் டோபமின் நரம்பணுத் தொகுதி எஸ்ட்ரோஜனின் துணையோடு எல்எச் துடிப்புகளை அடக்குகிறது. ஆடு பருவத்துக்கு வருவதில்லை. குதிரைக்கு டோபமினைத் தடுக்கும் மருந்து கொடுத்துப் பருவத்தை முன்கூட்டி வரவைக்கும் முயற்சிகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. நாய்க்கு அதற்கு நேர்மாறாக, டோபமின் போன்ற கேபர்கோலின் பருவத்தை விரைவுபடுத்துகிறது.

புரோலாக்டின் மிகும்போது சூலகம் ஓய்வது ஏன்? இனப்பெருக்க ஹார்மோன்களை முடுக்கும் கிஸ்பெப்டின் நரம்பணுக்களை அது அடக்குவதே காரணம் என்பதற்கு 2012இல் சுண்டெலியில் வலுவான சான்று கிடைத்தது. சூலகத்துக்குள்ளேயே டோபமினுக்கு வேலை உண்டு என்பது அண்மைக்கால எண்ணம். ரீசஸ் குரங்கின் முதிராக் கருமுட்டை டோபமினை உள்வாங்கி நார்அட்ரீனலினாக மாற்றுவதாக 1998இல் அறிக்கை வந்தது. கருத்தரிப்புச் சிகிச்சையில் சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் அபாயத்தைக் குறைக்க, இப்போது கேபர்கோலின் தரப்படுகிறது.