கள்ளிக்காட்டைத் தின்ற பூச்சி

போன மாதம் சித்தப்பா வாட்ஸாப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் எங்கோ ஒரு புதர்க்காடு. ஒரு வண்டியின் முன்னால் பற்கள் வைத்த உருளை சுழல்கிறது. நிற்கும் மரத்தின் மேல் அதை வைத்து அழுத்தினால் அரை நிமிடத்தில் மரம் தூளாகிவிடுகிறது. வெட்டுவது, அள்ளுவது, எரிப்பது எதுவும் கிடையாது. தூள் அங்கேயே மண்ணுக்குப் போர்வையாகக் கிடக்கும். இதற்கு மல்ச்சிங் என்று பெயர். கீழே சித்தப்பாவின் குரல்: "டேய், இந்த மெஷின் நம்ம பக்கம் வாடகைக்குக் கெடைக்குமா, பாத்துச் சொல்லு."

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி இருக்கிறது. இருபது வருடமாக அதில் சீமைக்கருவேலம் மட்டும்தான். மெஷினைத் தேடப் போனவன் வழக்கம்போலத் திசைமாறி, சப்பாத்திக்கள்ளியின் வரலாற்றில் போய் விழுந்தேன்.

சீமைக்கருவேலத்துக்கு முன்பு தென்னிந்தியாவின் தரிசுகளை மூடிக்கிடந்தது கள்ளி. என் பாட்டி, தன் அம்மா சொன்னதாக, "கள்ளிக்காடு செத்த வருஷம்" என்று ஒரு காலக்கணக்கு சொல்லுவார். பஞ்சத்தில் காய்ந்து போயிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கள்ளியாவது காய்வதாவது!

கதை ஒரு சிவப்புச் சாயத்தில் தொடங்குகிறது. கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்கிற பூச்சியை நசுக்கினால் ரத்தச் சிவப்பில் சாயம் வரும். பிரிட்டிஷ் அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுகள் வரைக்கும் அதுதான். ஆனால் பூச்சி மெக்ஸிகோவில், வியாபாரம் ஸ்பெயின்காரன் கையில். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. 1780-களின் கடைசியில், மதராஸின் தலைமை மருத்துவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். இன்றைய சைதாப்பேட்டை நெரிசலில் நின்றுகொண்டு இதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். பூச்சிக்குச் சாப்பாடு தயார், பூச்சிதான் வரவில்லை.

1795-இல் வந்தது. கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலில் இருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அது வேறு பூச்சி. அசல் கொச்சினீலின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். தரமான சாயம் தரவில்லை. வளர்த்து வைத்திருந்த நல்ல கள்ளியையும் சீண்டவில்லை. வேலியோரம் தானாக மண்டிக்கிடந்த ஒரு காட்டுக்கள்ளிக்குத் தாவி, அதை அடியோடு தின்று தீர்த்தது. சாயத் தொழிலாகப் பார்த்தால் படுதோல்வி.

யாரோ அந்தத் தோல்வியை வேறு கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1836 முதல் 1838-க்குள் அதே பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து, இந்த முறை தெரிந்தே, கள்ளியை அழிக்க விட்டார்கள். அழிந்தது. ஒரு களையை ஒழிக்க மனிதன் வேண்டுமென்றே பூச்சியை ஏவிய முதல் நிகழ்வு என்று உயிரியல் கட்டுப்பாட்டின் வரலாற்றில் இதைத்தான் பதிவு செய்கிறார்கள். பிறகு இலங்கைக்கும் போனது. தென்னமெரிக்கப் பூச்சியான அதன் அறிவியல் பெயரில் இன்றும் சிலோன் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெட்டித் தீர்த்திருக்கலாமே என்று தோன்றும். கள்ளியில் அதுதான் சிக்கல். ஒரு மட்டையைப் பத்துத் துண்டாக்கினால் பத்தும் வேர்விடும். சித்தப்பாவின் மெஷினை அன்றைய கள்ளிக்காட்டுக்குள் விட்டிருந்தால் அது களை எடுத்திருக்காது, நாற்று நட்டிருக்கும்.

பூச்சிக்கும் ஓர் எல்லை இருந்தது. அது தின்றது ஒரே ஒரு கள்ளி இனத்தை. அந்த இடத்தை யாரும் உழவில்லை என்றால் அடுத்தவன் வந்து உட்காருவான். இன்று நாம் சப்பாத்திக்கள்ளி என்று சொல்லும், மஞ்சள் பூவும் தடித்த முள்ளும் கொண்ட கள்ளி தெற்கெங்கும் பரவியது. பழைய பூச்சி அதைத் தொடவே இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்த இன்னொரு பூச்சியை 1926-இல் இங்கே விட்டார்கள். சில வருடங்களில் காடுகாடாகக் கள்ளி சரிந்து அழுகியது. பாட்டி சொன்ன வருஷம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இப்போதும் கண்மாய்க்கரையில் மிஞ்சி நிற்கும் கள்ளி மட்டைகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் விரல் சிவக்கும். சின்ன வயதில் அதை ரத்தம் என்று காட்டித் தங்கச்சியை அழவைத்திருக்கிறேன்.

கள்ளி போன இடத்துக்குத்தான் சீமைக்கருவேலம் வந்தது. 1870-களிலேயே மதராஸ் மாகாண வனத்துறை விறகுக்காக விதை தருவித்த மரம் அது. யாரோ சதி செய்து தூவியதாகச் சொல்லும் ஃபார்வர்டுகளைவிட இந்த அரசாங்கக் காரணம் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. அடுப்புக்கு விறகு இல்லாத ஊருக்கு அது வரமாகத்தான் இருந்திருக்கும். 2017-இல் உயர் நீதிமன்றம் அதை அகற்றச் சொன்னது, ஜேசிபிகள் இறங்கின, சில மாதங்களில் தடையும் வந்தது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். மெஷின் மேலே இருப்பதைத்தான் தூளாக்கும். அடித்தூரில் உயிர் இருந்தால் ஒரு மரம் நின்ற இடத்தில் ஏழு கிளை வெடிக்கும், தூரோடு தோண்டினால்தான் உண்டு என்றேன்.

"அப்ப அந்தக் கள்ளிக்கு விட்ட மாதிரி இதுக்கும் ஒரு பூச்சி இருக்குமேடா?"

"தென்னாப்பிரிக்காவுல விட்ருக்காங்க சித்தப்பா. ஆனா மொதல்ல விட்டது விதைய மட்டும் திங்கற வண்டு. மரத்தக் கொல்ற பூச்சி அப்ப வேணாம்னுட்டாங்க. மரத்த நம்பியும் ஆளுங்க இருக்காங்கல்ல."

"இங்க மட்டும் இல்லையா? கரிமூட்டம் போடுறவன் மூணு வருஷத்துக்கு ஒருக்கா வந்து வெட்டிட்டுக் காசு குடுத்துட்டுப் போறான். அந்த நாலு ஏக்கர்ல இப்ப வர்ற வருமானம் அது ஒண்ணுதான்."

அப்புறம் எதுக்கு மெஷின் என்று கேட்டேன். தன் அப்பா அதில் மல்லி விதைத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தோண்டிப் போட்டுட்டா அதுக்கப்புறம் உழணும்ல? வருஷா வருஷம் உழணும். எனக்கு அறுபத்தாறு ஆச்சு. நீ வர்றியா?"

மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையிலேயே மீட்டிங் இருந்தது.