இரவல் பிறந்தநாள்

சென்னையின் பிறந்தநாள் ஒரு பத்திரத்தின் தேதி. 1639 ஆகஸ்டு 22, கம்பெனிக்கு நிலம் எழுதிக்கொடுக்கப்பட்ட நாள். ஜூலையா ஆகஸ்டா என்ற சர்ச்சையும் உண்டு. 2004இல் சிலர் கொண்டாடத் தொடங்கியது இன்று நகரத்தின் வழக்கமாகிவிட்டது. 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட அம்பத்தூருக்கு அது இரவல் பிறந்தநாள்தான். பக்கத்துத் திருமுல்லைவாயிலோ சுந்தரர் பாடிய தலம். அந்தப் பத்திரத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. 1960களில் எழுந்த தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்தவர்களுக்கு இரண்டு கணக்குமே அந்நியம்.

வங்கிக் கவுண்டரில் நான் பார்க்கும் பென்ஷன்காரர்கள் ஊரின் வயதைச் சொல்வதில்லை. தாங்கள் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தைத்தான் சொல்கிறார்கள். தேதி தானாக யாரையும் சேர்த்துவைக்காது. அந்த வருஷங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு மாலைப்பொழுதை அது தருமானால், இரவலாக இருந்தாலும் எனக்குச் சம்மதமே.