அறுபது வயதுக்குப் பின் ஹாலிவுட்டின் முதலிடம்: நடிகை மேரி டிரெஸ்லரின் திரைப்பயணம்

இளமையும் அழகுமே நடிகையரின் தகுதியாகக் கருதப்பட்ட தொடக்ககால ஹாலிவுட்டில், அறுபது வயதைக் கடந்த பின் வசூலில் முதலிடம் பிடித்தவர் குணச்சித்திர நடிகை மேரி டிரெஸ்லர்.

கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்திலுள்ள கோபர்க்கில் 1868-ஆம் ஆண்டு பிறந்த இவர், பதின்ம வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்னர் நியூயார்க் மேடைகளில் நகைச்சுவை நடிகையாகப் புகழ்பெற்றார். 1914-இல் மேக் சென்னட் இயக்கிய 'டில்லிஸ் பங்சர்டு ரொமான்ஸ்' படத்தில் சார்லி சாப்ளினுடன் நடித்தார்.

மேடையில் குழுவாக ஆடிப் பாடும் பெண்களுக்கு அக்காலத்தில் ஒத்திகை நாள்களுக்கு ஊதியம் கிடையாது. 1919-இல் நடந்த நடிகர்கள் வேலைநிறுத்தத்தின்போது அவர்களுக்காக உருவான சங்கத்தின் முதல் தலைவராக டிரெஸ்லர் பொறுப்பேற்றார். அதற்கடுத்த ஆண்டுகளில் அவருக்கு வாய்ப்புகள் அருகின.

1927-இல் திரைக்கதை ஆசிரியர் பிரான்சிஸ் மேரியனின் முயற்சியால் மீண்டும் திரைக்கு வந்தார். கிரெட்டா கார்போவின் முதல் பேசும் படமான 'அன்னா கிறிஸ்டி'யில் (1930) குடிகார மூதாட்டியாக நடித்துக் கவனம் ஈர்த்தார். அதே ஆண்டு வெளியான 'மின் அண்ட் பில்' படத்தில், கைவிடப்பட்ட பெண் குழந்தையை வளர்க்கும் துறைமுக விடுதிக்காரியாக நடித்தார். அதற்காக 1931-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார்.

திரையரங்கு உரிமையாளர்களிடம் நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் 1932, 1933 ஆகிய இரு ஆண்டுகளிலும் வசூல் நட்சத்திரங்களில் முதலிடம் இவருக்கே. புற்றுநோயால் அவதியுற்ற அவர், 1934 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் காலமானார்.