எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள்



சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே உள்ளது கவரைப்பேட்டை. என் கல்லூரி நாட்களில், ஒரு கோடை விடுமுறையில், அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களில் வினாத்தாள் ஏந்தி வீடு வீடாகச் சென்றேன். வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு நிலம், எத்தனை கறவை மாடு என்று கேட்டவரையில் விடைகள் தடையின்றி வந்தன. இறுதி வினா தீண்டாமை பற்றியது. "உங்கள் வீட்டில் அதைக் கடைப்பிடிப்பதுண்டா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வீடு "இல்லை" என்றே விடை வந்தது. ஒரு மூதாட்டி மட்டும் சிரித்துக்கொண்டே, "ஏன் தம்பி, வாசலில் வந்து நிற்பவரிடம் வீட்டுக் குறையை யாராவது சொல்வார்களா?" என்றார். நான் தாளில் குறித்தது ஊரின் நிலையையா, ஊரின் நாணத்தையா என்ற ஐயம் அன்று எனக்குப் பிறந்தது.

இந்த ஐயம் புதியதன்று. 1951-52-இல் நடந்த நம் முதற் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லக் கூசினர். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அத்தகைய பதிவுகளை ஏற்க மறுத்தார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாது போயினர். ஒரு வினாவுக்கு விடை சொல்ல இயலாத கூச்சம் வாக்குரிமையையே விழுங்கிவிட்டது அன்றோ!

அதே காலத்தில், 1950-இல், பேராசிரியர் மகலனோபிஸ் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கினார். ஒரே வட்டாரத்தை இரு குழுவினர் தனித்தனியே ஆராயுமாறு அவர் வகுத்த முறை, கணக்கெடுப்போரின் பிழையைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் விடை சொல்பவரே மறைத்தால், இரு குழுவினரும் ஒரே பொய்யைத்தான் எழுதி வருவர்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. குற்றமான ஒன்றை ஒருவர் தம் வாயால் ஒப்புவாரா? 2011-12-இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு, சுமார் 42,000 குடும்பங்களை நேரடியாகவே வினவியது. "இல்லை" என்றவர்களிடம், பட்டியல் வகுப்பினர் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரங்களைப் புழங்கினாலோ தடையுண்டா என்று மேலும் ஒரு வினா கேட்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து, 100-க்கு 27 குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் தீண்டாமையை ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொள்ளாதவர் எத்தனை பேர்?

இத்தகைய வினாவுக்கு அறிஞர்கள் வழி தேடினர். 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்பார் விடை சொல்பவர் கையில் ஒரு சுழல்முள்ளைக் கொடுத்தார். முள் எந்த வினாவைக் காட்டியது என்பதை அவர் மட்டுமே அறிவார். "ஆம்" அல்லது "இல்லை" என்பது மட்டும் வெளியே வரும். 1979-இல் இந்தியப் புள்ளியியலாளர் தாமராஜு ராகவராவும் வால்டர் ஃபெடரரும், பல வினாக்களின் விடைகளைக் கூட்டி, கூட்டுத்தொகையை மட்டும் பெறும் வழியை ஆராய்ந்தனர். பட்டியல் சோதனை என்று இன்று வழங்கும் முறையும் அதே இனத்தைச் சேர்ந்தது.

அதன் சூட்சுமம் எளிது. 400 வீடுகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். முதற்பகுதியாரிடம் மூன்று சாதாரணச் செய்திகள்: நாளிதழ் வாங்குகிறோம், சொந்தக் கிணறு உண்டு, தொழிற்பேட்டையில் ஒருவர் வேலை பார்க்கிறார். மற்றவர்களிடம் இவற்றோடு நான்காவதாக, சமையலறையில் நாங்கள் தீண்டாமை பார்க்கிறோம் என்பது. "இவற்றுள் எத்தனை உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்? எவை என்று சொல்ல வேண்டா, எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள்" என்பதே வினா. முதற்பகுதியின் சராசரி 1.5, இரண்டாவதன் சராசரி 1.8 என்றால், வேறுபாடாகிய 0.3 நான்காவது செய்தியால் வந்தது. அதாவது 100-க்கு 30 வீடுகள். ஆனால் எந்த வீடு என்று எவரும் அறியார்.

1991-இல் அமெரிக்காவில் இம்முறையால் வெள்ளையரின் இனவெறுப்பை அளந்தனர். கறுப்பினக் குடும்பம் அண்டை வீட்டுக்குக் குடிவருவது தென்மாநில வெள்ளையருள் 100-க்கு 42 பேருக்குச் சினமூட்டுவதாகக் கணக்கு காட்டிற்று. குக்லின்ஸ்கியும் அவர் தோழர்களும் 1997-இல் இதை வெளியிட்டனர்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. மொத்தம் தெரிந்தது, யாரிடையே மிகுதி என்பது சரிவரத் தெரியவில்லை. கல்வி இதைக் குறைக்கிறதா? இளைஞரிடம் இது தேய்கிறதா? 2011-இல் கோசுகே இமாய் என்னும் அறிஞர் இதற்குத் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வைக் கொண்டுவந்தார். குறிப்பிட்ட வயதும் படிப்பும் உடையவருக்குச் சாதாரணச் செய்திகளில் எத்தனை பொருந்தும் என்பதை முதற்பகுதியார் கற்பிக்கின்றனர். அதே வயதும் படிப்பும் உடைய இரண்டாம் பகுதியாரின் விடை அதைவிட எவ்வளவு மிகுகிறது என்பதே மறைந்த விடையின் சுவடு. வயதையும் படிப்பையும் பிறவற்றையும் ஒருங்கே வைத்துக் கணித்தால், எது எதனோடு கூடுகிறது, எதனோடு குறைகிறது என்பது புலனாகிறது. தனி மனிதர் மறைவிலேயே இருக்க, சமுதாயம் வெளிச்சத்துக்கு வருகிறது.

இதற்கும் எல்லையுண்டு. நான்கும் பொருந்துபவர் "நான்கு" என்றால் அவர் இரகசியம் வெளிப்பட்டுவிடும். அஞ்சி "மூன்று" என்றால் கணக்கு கெடும். ஆகவே எல்லாம் ஒருவருக்கே பொருந்தாதபடி செய்திகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். நான்காவது செய்தியைக் கண்டதால் மற்ற மூன்றுக்கும் விடை மாறிவிடவும் கூடாது. மறைவுக்கு விலையாக, நேரடி வினாவுக்கு வேண்டியதைவிடப் பலமடங்கு வீடுகளையும் கேட்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்பீர்கள். நோயில்லை என்று சொன்னவரையெல்லாம் நலமுற்றவராக எழுதிக்கொண்டால், மருத்துவமனையை மூடிவிடலாம், நோய் மூடாது. "இல்லை" என்ற விடைகளை நம்பித் தீண்டாமை ஒழிந்ததென்று முடிவு கட்டினால், அந்தச் சமையலறை வாசலில் நிறுத்தப்படுபவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

நீங்களும் ஒருநாள் வினாத்தாளோடு ஒரு வாசலில் நிற்கலாம். பொய் சொன்னார் என்று எவரையும் இகழாதீர்கள். அச்சமின்றி உண்மை சொல்லும் வழியை அவருக்கு அமைத்துத் தந்தோமா என்று முதலில் உங்களையே கேளுங்கள். அந்த மூதாட்டியின் வாசலில் நான் மீண்டும் நிற்க நேர்ந்தால், அவர் வீட்டுக் குறையைக் கேட்கமாட்டேன். ஓர் எண்ணை மட்டும் கேட்பேன்.