மூளையில் அடைப்பா, கசிவா? கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஒருவருக்கு ஸ்ட்ரோக் வந்தால், சிலர் வடக்கே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ போவார்கள். சிலர் களியக்காவிளை தாண்டி, நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளத்துக்கு. சிகிச்சை ஓரிடம், பிறகு மாதாமாதம் மாத்திரை வாங்குவது வேறிடம் என்றாகலாம். அப்போதுதான் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு போன் வரும்: "அப்பாவுக்கு இந்தக் கொழுப்பு மாத்திரை இனி வேணுமா? ரத்தம் கசியும்னு சொல்றாங்களே?"

பதில், மூளையில் நடந்தது என்ன என்பதைப் பொறுத்தது.

அடைப்பு என்றால்?

பலருக்கு மாத்திரையால் லாபம்தான். 2006-ல் வெளியான ஸ்பார்கிள் ஆய்வில், ஸ்ட்ரோக் அல்லது மினி ஸ்ட்ரோக் வந்த 4,731 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு தினமும் 80 மி.கி. அடோர்வாஸ்டாடின், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. சுமார் 5 ஆண்டுகளில் மீண்டும் ஸ்ட்ரோக் வந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 265 பேர். மற்றவர்களில் 311 பேர்.

அப்போ பயம் எதுக்கு?

அதே ஆய்வில் மூளை ரத்தக்கசிவு மட்டும் மருந்து எடுத்தவர்களில் 55 பேருக்கும், மற்றவர்களில் 33 பேருக்கும் வந்தது. அந்த 265-க்குள் இந்தக் கசிவுகளும் அடக்கம். அதாவது கசிவு கொஞ்சம் கூடினாலும், மொத்தக் கணக்கில் லாபமே.

கசிவு என்றால்?

இங்கே கணக்கு மாறும். அந்த ஆய்வில் முன்பே கசிவு வந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் அந்த லாபத்தை அப்படியே இவர்களுக்குப் பொருத்த முடியாது. மூளையின் ஆழ்பகுதியில் வரும் கசிவுக்குப் பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தமே காரணம். வெளிமடல்களில் வரும் கசிவு, குறிப்பாக முதியவர்களுக்கு, திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அங்கே ஸ்டாடின் கொடுக்க டாக்டர்கள் கூடுதலாக யோசிப்பார்கள். ஆனால் அதே நபருக்கு மாரடைப்பு வந்திருந்தால், ஸ்டென்ட் வைத்திருந்தால், மாத்திரை தேவைப்படலாம்.

நாமே நிறுத்தலாமா?

வேண்டாம். ஏற்கெனவே ஸ்டாடின் போட்டுவந்து, அடைப்பு ஸ்ட்ரோக்குடன் சேர்க்கப்பட்ட 89 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. வெறும் 3 நாள் மாத்திரையை நிறுத்தியவர்களில் 60 சதவீதம் பேர், 3 மாதத்தில் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழும் நிலையில் இருந்தார்கள். தொடர்ந்தவர்களில் இது 39 சதவீதம்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

* வந்தது அடைப்பா, கசிவா? கசிவு என்றால் எந்த இடத்தில்?
* இதய நோய், சர்க்கரை நோய் இருப்பதால் மாத்திரை கட்டாயமா?
* எந்த அளவு டோஸ்? ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் சேர்ந்து போகிறதா?
* ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? கசிவு வந்தவர்களுக்கு இதுதான் முதல் காவல்.

டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன் ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருடைய போனிலும் வையுங்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் போனாலும், அடுத்த டாக்டர் இவற்றைப் பார்த்தால்தான் சரியாக முடிவு செய்ய முடியும்.