லாண்டட் பேப்பரும் ஒரு அட்டையும்

அட்டை தபாலில்தான் வந்தது. ஸ்கார்பரோவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பீட்சாக்கடை விளம்பரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை உறை. மேலே கொண்டுபோய்க் காட்டினேன். மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உதுக்கே இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்தனீ?"

பிறகு அலுமாரியைத் திறந்து, நான்காக மடித்த ஒரு கடதாசியை எடுத்துவந்தார். ஐஎம்எம் 1000. எண்பதுகளில் வந்த எங்கட சனத்துக்கு அது 'லாண்டட் பேப்பர்'. "லாண்டட் கிடைச்சிட்டுது" என்றால் வீட்டில் இறைச்சிக்கறி. மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. குடியுரிமை எடுத்து இத்தனை வருடமாகியும் மாமா அதை எறியவில்லை.

அந்தக் கடதாசிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1985 ஏப்ரலில், சிங் வழக்கில், அகதிக் கோரிக்கையாளர் தன் கதையை நேரில் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். மீனவர்கள்தான் முதலில் கண்டு ஏற்றினார்கள்.

கடதாசி அட்டையானது 2002 ஜூன் 28இல், புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. சட்டம் நிறைவேறியது 2001 நவம்பரில். செப்டம்பர் 11 தாக்குதலின் அச்சம் அடங்காத நேரம். 2003 முடிவிலிருந்து, வெளிநாடு போன நிரந்தரவாசி விமானத்தில் திரும்பிவர அட்டையைக் காட்டவேண்டும் என்றானது. இதைப் பலர் கவனிப்பதில்லை: கனடாவுக்குள் இருப்பதற்கு அட்டை தேவையில்லை. அட்டை காலாவதியானாலும் நிரந்தரவாசி நிரந்தரவாசிதான். அது திரும்பி வருவதற்கான சாமான். அதாவது, எங்கேயாவது போகிறவனுக்கு.

எனக்குப் போகவேண்டிய இடம் ஒன்றுதான். யாழ்ப்பாணம். அம்மா.

அங்கேதான் சிக்கல். 2012 டிசம்பரில் சட்டம் மாறியது. அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தரவாசியான ஒருவர், தானாக விரும்பி மறுபடியும் சொந்த நாட்டின் பாதுகாப்பை நாடினார் என்று முடிவானால், அகதி நிலையோடு நிரந்தரவாசமும் போகலாம். அந்த நாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், அங்கே போய்வருவதும்கூட அவருக்கு எதிரான சாட்சியாகலாம். தாயின் நோய் ஒரு காரணம் என்று வாதாடலாம். வெல்வோம் என்று யார் சொல்வது? மாமாவின் காலத்தில் லாண்டட் கிடைத்தவருக்கு இப்படி ஒரு பயம் இருக்கவில்லை. அவர் கடதாசி கிழிந்தது, ஆனால் உறுதியானது. என்னுடையது பிளாஸ்டிக். வளையாது, கிழியாது. ஒரு பயணத்தில் போய்விடக்கூடும்.

குடியுரிமை எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அதற்கு ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் இங்கே இருந்திருக்கவேண்டும். நாட்காட்டியில் எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

அன்றிரவு அம்மா வாட்ஸப்பில் வந்தா. அட்டையைக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

"வடிவா இருக்கு. படத்தில ஏன் சிரிக்கேல்ல?"

"சிரிக்க விடமாட்டாங்கள் அம்மா."

"சரி, எப்ப வாறாய்?"

மாமா என்னைப் பார்த்தார். சட்டத்தை அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

"சென்னைக்கு வாங்கோவன் அம்மா. அங்க சந்திப்பம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டா: "ஏன், வீடு இங்கையெல்லோ இருக்கு?"